அம்சவள்ளியின் வலைப்பதிவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை

பதினெட்டு ஆண்டுகள் ஊரை வாயை மூடச் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் அம்சவள்ளி. இப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "வாயை மூடுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அமைதி காக்கவும்னுதான் போர்டு மாட்டி வச்சிருக்கேன்" என்பாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "மரியாதை" என்பாள்.

அவள் என் மனைவி. மரக்காணத்துக்கும் கீழ்புத்துப்பட்டுக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்குப் பிரியும் மண் பாதையின் முனையில் எங்கள் ஊர்க் கிளை நூலகம். அங்கேதான் நூலகராக இருந்தாள். இந்த ஐப்பசியோடு அவள் போய் ஒரு வருடம். அவளைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் பிறந்த ஊர், படித்த படிப்பு, வேலையில் சேர்ந்த தேதி என்று வரிசையாக வந்து நிற்கிறது. அதெல்லாம் ஆபீஸ் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டில் இல்லாதது 2006-ஆம் வருடம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஒரு கம்ப்யூட்டருக்காக அவள் பட்ட பாடு. அதைத்தான் எழுதப்போகிறேன்.

அதற்கு முன்னால் அவளுடைய சிவப்புப் பேனாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். காலையில் பேப்பர் வந்ததும் வாசகர் கைக்குப் போகும் முன் அவள் கைக்குப் போகும். பிழை இருந்தால் வட்டம் போடுவாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் வட்டம். கோயில் நோட்டீஸ் வந்தால் வட்டம். எங்களுக்கு நிச்சயமான பிறகு நான் எழுதிய முதல் கடிதம் நாலாம் நாளே திரும்பி வந்தது. மூன்று இடத்தில் சிவப்பு வட்டம் இருந்தது. கீழே "கடிதம் நன்று" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக நான் இன்னும் ஆறு கடிதம் எழுதினேன். ஆறும் வட்டத்தோடு வந்தன.

அந்த வருடம் ஜனவரியில் ஆரோவில் பக்கத்துத் தொண்டு அமைப்பு ஒன்று, கடலோரக் கிளை நூலகங்களுக்கு ஆளுக்கு ஒன்றாக நாலு கம்ப்யூட்டர் தருவதாக முன்வந்தது. சும்மா தரவில்லை. நூலகர் மூன்று நாள் பயிற்சிக்கு வர வேண்டும். நூலகத்துக்கென்று ஒரு வலைப்பதிவு தொடங்க வேண்டும். அதில் உள்ளூர் ஆட்கள் வந்து பேச வேண்டும். மூன்று மாதம் கழித்து மாவட்ட நூலக ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். உள்ளூர் ஆட்கள் வந்திருந்தால் கம்ப்யூட்டர் அங்கேயே இருக்கும். வராவிட்டால் வண்டியில் ஏறிக் கிளியனூருக்குப் போய்விடும்.

கிளியனூர் நூலகர் ராமதாஸும் பயிற்சிக்கு வந்திருந்தார், காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளாக. முதல் நாளே அம்சவள்ளியிடம் வந்து, "மேடம், கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டிய மட்டும் தூக்கிப் போட்றாதீங்க. திரும்பப் பேக் பண்ண வேணும்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அம்சவள்ளி சிரிக்கவில்லை.

"பதினெட்டு வருஷத்துல நம்ம லைப்ரரிக்குப் புதுசா வந்தது ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம். இப்பத்தான் மூணாவதா ஒண்ணு வருது. பேப்பர் படிக்க வர்ற நாலு ரிட்டயர்டு ஆளுங்கள வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு ஓட்டறது? இதுவும் போச்சுன்னா அடுத்து லைப்ரரியையே தூக்கிருவாங்க. நீங்க வேணா பாருங்க."

பயிற்சி கொடுத்தவர் சகாயமேரி. கீழ்புத்துப்பட்டுக்காரர், அந்த அமைப்பில் பத்து வருடமாக வேலை செய்பவர், நாற்பதைத் தாண்டியவர். வெள்ளைக்காரர்களிடம் தமிழிலும் நூலகர்களிடம் ஆங்கிலத்திலும் பேசி இரண்டு பேரையும் ஒரே அளவுக்குத் திணற வைப்பார் என்று அம்சவள்ளி சொல்வாள். அந்த மூன்று நாளில் அவர்கள் இருவரும் பேசியதை அவள் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறாள்.

"பிளாக்குன்னா ரொம்ப சிம்பிள் மேடம். நீங்க ஒண்ணு எழுதறீங்க. படிக்கிறவங்க கீழயே வந்து பேசறாங்க."

"பேசறாங்களா? லைப்ரரியிலயா?"

"ஆமா. பேசணும். அதுக்குத்தானே?"

"சத்தமா?"

"டைப் அடிக்கறதுல என்ன மேடம் சத்தம்?"

அம்சவள்ளி கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த சந்தேகத்துக்குப் போயிருக்கிறாள். "பேசறவங்க மெம்பரா இல்லயான்னு எப்படிப் பாக்கறது?"

"பாக்கத் தேவையில்ல. யார் வேணா பேசலாம்."

"முத்திரை எங்க குத்தறது?"

"என்ன முத்திரை?"

"நூலக முத்திரை. ஒவ்வொரு புக்குலயும் யாருக்கும் தெரியாத ஒரு பக்கத்துல குத்துவோம். திருட்டுப் போனா அடையாளம் காட்ட. இந்த பிளாக் திருட்டுப் போச்சுன்னா என்ன பண்றது?"

சகாயமேரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாராம். அப்புறம் வலைப்பதிவுக்கு பாஸ்வேர்ட் என்று ஒன்று உண்டு, அதை யாருக்கும் சொல்லக்கூடாது, அதுதான் முத்திரை மாதிரி என்று விளக்கியிருக்கிறார். அம்சவள்ளிக்கு அது பிடித்துப்போனது. பாஸ்வேர்டை இருப்புப் பதிவேட்டில் கம்ப்யூட்டருக்கு நேராக, குறிப்பு என்ற கட்டத்தில், தேதி போட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். பதிவேடு மேசைமேல் திறந்தே கிடக்கும்.

தட்டச்சில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். சகாயமேரி அதே விசைகளில் தமிழ் வருகிற மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்ததும், மற்ற நூலகர்கள் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்க, இவள் பெட்டிசன் எழுதுகிற வேகத்தில் முதல் பதிவை அடித்து முடித்துவிட்டாள். அது இப்படி இருந்தது:

"பதிவு எண் 1/2006. அன்புடையீர், இக்கிளை நூலகத்தின் வலைப்பதிவு இன்று முதல் செயல்படத் தொடங்கியுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வாசகர்கள் அனைவரும் வருகை தந்து பயன் பெறவும். அமைதி காக்கவும்."

ஒன்பது நாள் எல்லோரும் அமைதி காத்தார்கள்.

நான் வாத்தியார்; தினமும் மாலையில் பள்ளிக்கூடம் விட்டு நூலகத்துக்குப் போவேன். ஏழு மணிக்கு மூடியதும் அவள் டிவிஎஸ் ஃபிஃப்டியை ஓட்ட, பின்னால் நான் உட்கார்ந்து வருவேன். வண்டியில் ஏறும் முன் அவள் கடைசியாக ஒரு தடவை டெலிபோன் லைனில் இணைப்புக் கொடுத்துப் பார்ப்பாள். அது அலறும், கரகரக்கும், நிற்கும். "கருத்துகள்: 0" என்று வரும். "நாளைக்கு வருவாங்க" என்பாள், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாத வீட்டில் சொல்வது மாதிரி.

பத்தாம் நாள் ஒருவர் வந்தார். பெயர் ஐயப்பன். எங்கள் ஊர் ஆள்தான், ஆனால் குவைத்தில் வேலை. ஊர்ப் பெயரைத் தமிழில் தேடிப் பார்த்தபோது நூலகத்தின் பக்கம் கிடைத்ததாகவும், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். அம்சவள்ளி அதை மூன்று முறை படித்தாள். பிறகு உறுப்பினர் பதிவேட்டை எடுத்து ஐயப்பன் பெயரைத் தேடினாள். கிடைத்தது. உடனே பதில் எழுதினாள்.

"தங்கள் கருத்து கிடைக்கப்பெற்றது. நன்றி. தாங்கள் 1998 ஜூன் மாதம் எடுத்துச் சென்ற கோழி வளர்ப்பு பற்றிய நூல் இதுநாள் வரை திரும்பி வரவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்."

"ஏம்மா," என்றேன், "வந்ததே ஒரு ஆளு. அவனையும் இப்படி விரட்டறியே?"

"வந்த ஆள்கிட்டதானேங்க கேக்க முடியும்? வராத ஆள்கிட்டயா கேக்கறது?"

ஐயப்பன் பதினோரு நாள் காணாமல் போனார். அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை, அவருடைய அம்மா கோழி வளர்ப்பை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டார். அன்று அம்சவள்ளிக்கு வலைப்பதிவின் மேல் வந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சம் இல்லை. "எட்டு வருஷமா கார்டு போட்டும் வராத புக்கு. பாத்தீங்களா?"

அன்றே ஐயப்பனிடமிருந்து இன்னொரு கருத்தும் வந்திருந்தது. "மேடம், புக்கு வந்துருக்கும். எனக்கு ஒரு டவுட். நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் ஃப்ரீ. அன்னைக்குப் பாத்தா உங்க பக்கத்துல ஒண்ணுமே இல்ல. அது என்ன ப்ராப்ளம்?"

ப்ராப்ளம் ஒன்றுமில்லை. கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஆகவே வியாழன் மாலை ஏழு மணிக்கு அம்சவள்ளி தன் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, யாருக்கும் தெரியாதபடி வரைவுப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, "நாளை வார விடுமுறை" என்ற ஒரு வரியை மட்டும் வெளியே விட்டு வருவாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடி ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பாள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையும் நூலகத்துக்கு விடுமுறை, அன்றும் அப்படித்தான். எனக்கே அது அன்றுதான் தெரியும்.

மார்ச் நடுவில் சகாயமேரி நேரில் வந்தார். வெள்ளிக்கிழமை விஷயத்தைக் கேட்டு, சிரிப்பு அடங்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அம்சவள்ளி போர்டைக் கையால் காட்டினாள்.

"சரி மேடம், சிரிக்கல. ஆனா இனிமே வெள்ளிக்கிழமை மூடாதீங்க. நீங்க லீவு எடுங்க, அது லீவு எடுக்க வேணாம்."

"லீவு நாள்ல யாராவது வந்து ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"நான் பொறுப்பு. போதுமா? இப்ப நான் வந்த விஷயத்தக் கேளுங்க. ஏப்ரல் கடைசியில மாவட்ட ஆபீஸ் பக்தவச்சலம் சார் இன்ஸ்பெக்சன் வர்றார். உங்க பக்கத்துல இதுவரைக்கும் எட்டு கமெண்ட்டு. எட்டும் குவைத்து. குவைத்து எல்லாம் உள்ளூர்ல சேராது."

"அவரு நம்ம ஊர்தானே?"

"ஊரு நம்ம ஊருதான். ஆளு அங்க இருக்காரு. கம்ப்யூட்டர் இங்க இருக்கறவங்களுக்கு மேடம். இங்க யாரு இருக்காங்க?"

அப்போது மணி பதினொன்றடிக்கப் பத்து நிமிடம். இங்கே யார் இருக்கிறார்கள் என்பது இன்னும் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடும். உப்பளத்துப் பெண்கள் விடியும் முன் பாத்திக்கு இறங்கி, வெயில் உச்சிக்கு ஏறும் முன் கரையேறி, பதினொரு மணிக்கு இந்த வழியாகத்தான் திரும்புவார்கள். நூலக வாசலில் ஒரு குழாய் உண்டு. அதில் முகம், கை, கால் கழுவித் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். நூலகத்தின் காலை நேரம் எட்டிலிருந்து பதினொன்று. ஆகவே அவர்கள் குழாயைத் திறக்கும்போது அம்சவள்ளி இரும்புக் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டிருப்பாள். பதினெட்டு வருடமாக அவர்கள் ஒருவரையொருவர் அந்த இடத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சகாயமேரி அதைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று அம்சவள்ளி சொன்னாள். ஆனால் அடுத்த நாள் காலை அவள் ஒரு பெரிய சார்ட் தாளில் தன் புதிய பதிவைக் கையால் எழுதி, பூட்டிய கதவின் கம்பியில் மாட்டினாள். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் சணலால் கட்டிய பென்சில். மேலே, "படித்துவிட்டுக் கருத்து எழுதவும்." மாலையில் நோட்டில் இருப்பதை அவளே வலைப்பதிவில் ஏற்றிவிடுவாள். இணையத்துக்கு வர முடியாதவர்களிடம் இணையம் போகட்டும் என்பது திட்டம்.

பதிவின் தலைப்பு "உப்பு உண்டாகும் விதம்". ஒரு பழைய அறிவியல் புத்தகத்திலிருந்து சுருக்கி எழுதியிருந்தாள்.

அன்று மாலை நோட்டைத் திறந்தபோது இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. ஒன்பதாவது வரை படித்த அஞ்சம்மாள் சார்ட்டைச் சத்தமாக வாசித்திருக்கிறாள். மற்றவர்கள் சொல்லச் சொல்ல அவளே நோட்டிலும் எழுதியிருக்கிறாள். முதல் கருத்து குப்பம்மாளுடையது. முப்பது வருடமாக உப்பு வாருகிறவர், உப்பளத்தில் கங்காணிக்கே பதில் சொல்லக்கூடியவர்.

"ரெண்டே நாள்ல கடல்தண்ணி உப்பா மாறிடுதாம். எந்த ஊர்ல? அப்படி மாறினா நாங்க ஏன் இப்படிக் கருகிக் கெடக்கறோம்? இத எழுதினவன் ஒரு நாளு எங்ககூட பாத்தியில எறங்கட்டும், அப்பறம் எழுதட்டும்."

அம்சவள்ளி அன்று வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை இரண்டு இடத்தில் நிறுத்தி, நின்று சிரித்துவிட்டு ஓட்டினாள். புத்தகம் தப்பு என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாளிலிருந்து தனக்குத் தெரியாத, அவர்களுக்குத் தெரிந்த விஷயமாகப் பார்த்து எழுதத் தொடங்கினாள். மீன் குழம்பு, மழை வரும் அறிகுறி, காலில் உப்பு வெடிப்புக்கு மருந்து. எல்லாம் புத்தகத்தில் இருந்தபடி. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் பக்கம் நிறைந்தது.

ஏப்ரல் மூன்றாம் வாரம் வலைப்பதிவில் உள்ளூர்க் கருத்துகள் முப்பதைத் தாண்டிவிட்டன. அப்போதுதான் ஒரு ஞாயிறு மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் இருந்ததை முதல் முறையாக முழுக்கப் படித்தேன்.

"மேற்படி கட்டுரையில் குறிப்பிடப்பட்டுள்ள கால அளவு நடைமுறையோடு ஒத்துப்போகவில்லை எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இங்ஙனம், குப்பம்மாள்."

"குப்பம்மாவா இது?"

"ஆமா. அவங்க சொன்னதுதான். கொஞ்சம் சரி பண்ணிருக்கேன்."

"ஏம்மா, அந்தம்மா பணிவுடன்னு வாழ்க்கையில ஒரு தடவையாவது சொல்லிருக்கும்?"

"பேசறது வேற, பதிவாகறது வேற. நாளைக்கு நாலு பேர் படிக்கறப்ப அவங்களுக்குக் கவுரவமா இருக்க வேணாமா?"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பாதிக் கருத்துகள் இன்னொரு விதமாகவும் சரி பண்ணப்பட்டிருந்தன. "நாங்க வந்தா மூடிருக்குது, தொறந்தா நாங்க பாத்தியில இருக்கறோம், இந்த லைப்ரரிய யாருக்குத் தொறக்கறாங்க, காக்காவுக்கா?" என்று அஞ்சம்மாள் எழுதியிருந்தது, திரையில் "நூலக நேரம் பரிசீலனைக்குரியது எனத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று ஆகியிருந்தது. "இந்தம்மா சிரிச்ச மொகமா ஒரு நாளும் நான் பாத்ததில்ல" என்று பேர் போடாத ஒரு கருத்தின் முடிவில் இருந்த வரி திரையில் எதுவாகவும் ஆகவில்லை. அப்படியே விட்டுப்போயிருந்தது.

"இது?" என்று விரலை வைத்தேன்.

"அது நூலகம் சம்பந்தப்பட்டது இல்ல" என்று நோட்டை வாங்கி மூடிவிட்டாள்.

பக்தவச்சலம் ஏப்ரல் இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை வந்தார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் நூலகத்தில் இருந்தேன். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. சொல்லாத ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டே இருப்பவர் மாதிரி உதட்டைக் குவித்திருப்பார். அவர் வருகிறார் என்று அம்சவள்ளி காலையிலேயே மின்விசிறியைப் போட்டிருந்தாள். அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, உள்ளூர்க் கருத்துகளை ஒன்றிலிருந்து முப்பத்தேழு வரை படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, உங்க ஊர்ல பொம்பளைங்க உப்பு அள்றாங்களா, இல்ல செக்ரடேரியட்ல வேலை பாக்கறாங்களா?"

அம்சவள்ளி குனிந்து திரையைப் பார்த்தாள். அவரே தொடர்ந்தார்.

"முப்பத்தேழு பேரு. முப்பத்தேழும் 'தெரிவித்துக்கொள்கிறேன்'னு முடியுது. இருபது வருஷமா நான் ஃபைல் பாக்கறேன். ஒரே கை எழுதினது எனக்குத் தெரியாதா? கம்ப்யூட்டருக்கு ஆசப்பட்டு நீங்களே உக்காந்து எழுதிட்டீங்க. ஒத்துக்கிட்டீங்கன்னா ஆள் வரலன்னு மட்டும் எழுதிட்டு, பெட்டியக் கிளியனூருக்கு அனுப்பிட்றேன். இல்லன்னா பொய்ப் பதிவுன்னு ரிப்போர்ட் போட வேண்டியிருக்கும். அது உங்க சர்வீஸுக்கு நல்லது இல்ல."

நான் வாயைத் திறந்தேன். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். போர்டைக் காட்டத் தேவையில்லாத பார்வை. மூடிக்கொண்டேன்.

நோட்டு அவள் மேசை இழுப்பறையில் இருந்தது. அதைக் காட்டினால் பொய் இல்லை என்று தெரிந்துவிடும். ஆனால் அதைக் காட்டினால் காக்காவும் வெளியே வரும், சிரிக்காத முகமும் வெளியே வரும், பதினெட்டு வருடமாகச் சரியாக நடந்த நூலகம் யாருக்கும் சரியாக நடக்கவில்லை என்பதும் அவள் கையாலேயே வெளியே வரும். அவள் இழுப்பறையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இழுத்தாள்.

"எல்லாரும் சொன்னதுதான் சார். நான் திருத்தினேன். எனக்கு எதிரா இருந்தத விட்டுட்டேன். அது என் தப்பு."

பக்தவச்சலம் நோட்டைப் பிரித்தார். ஆபீசில் கோப்பு வாசிக்கும் அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், உரக்க வாசிக்கத் தொடங்கினார். "ரெண்டே நாள்ல கடல்தண்ணி உப்பா மாறிடுதாம். எந்த ஊர்ல."

மணி பதினொன்று அடித்தது. அம்சவள்ளி பூட்டப் போகவில்லை. வாசல் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. திறந்த கதவில் ஏழெட்டுத் தலைகள் தெரிந்தன.

"அது நான் சொன்னது," என்றார் குப்பம்மாள், படியில் நின்றபடியே. "ஏன் சார் எழவு வீட்டுச் சேதி மாதிரி படிக்கறீங்க? 'எந்த ஊர்ல?' அப்படின்னு இழுத்துக் கேக்கணும்."

பக்தவச்சலம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எந்த ஊர்ல" என்றார் மறுபடி.

"இன்னும் கொஞ்சம்."

"எந்த ஊர்ல?"

"ஆங். இப்ப வந்துச்சு."

அஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் யாரோ பொத்திக்கொள்ளவில்லை. நூலகத்துக்குள் அவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. அம்சவள்ளி போர்டின் பக்கம் பார்க்கவே இல்லை.

"உள்ள வாங்க," என்றாள். "நின்னுக்கிட்டு இருக்காதீங்க, உக்காருங்க."

"எங்க காலெல்லாம் சேறும்மா."

"பரவால்ல."

உள்ளே வந்து பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். அம்சவள்ளி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, முப்பத்தேழு கருத்துகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு சொன்னாள். "சார், நீங்க படிங்க. நான் அடிக்கறேன். ஒரு எழுத்தும் மாத்தமாட்டேன்."

மாவட்ட நூலக ஆபீசைச் சேர்ந்தவர் நோட்டைப் படிக்க, சொன்னவர்கள் தவறு சொல்லித் திருத்த, அவள் அடித்துக்கொண்டே போனாள். காக்கா ஏறியது. சிரிக்காத முகம் ஏறியது. அதைச் சொன்னது யார் என்று பக்தவச்சலம் கேட்டார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தம்மா இன்னைக்குச் சிரிச்சிடுச்சு, அத எடுத்துடலாம்" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. "எடுக்க முடியாது, பதிவாயிடுச்சு" என்றாள் அம்சவள்ளி.

இருபத்தெட்டாவது கருத்துக்கு வந்தபோது பக்தவச்சலம் நிறுத்திவிட்டார். உதட்டைக் குவித்துக்கொண்டு பக்கத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"படிங்க சார்" என்றார் குப்பம்மாள்.

"ஆபீசருங்க வந்தா மட்டும் இங்க ஃபேனு சுத்துது," என்று படித்தார். "மத்த நாளு அது தூங்குது."

எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்சவள்ளி தலையைத் தூக்கவில்லை. அவள் அதையும் அடித்துக்கொண்டிருந்தாள், கடைசி எழுத்து வரை.

"கரண்ட் மிச்சம் பிடிக்கச் சொல்லி நீங்கதான் சார் சர்க்குலர் அனுப்பினீங்க" என்றாள், திரையைப் பார்த்தபடியே.

"தெரியும்மா, தெரியும். மேல அடிங்க."

முப்பத்தேழும் முடிந்தபோது மணி ஒன்று ஆகப்போகிறது. பக்தவச்சலம் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணுக்கு மூடியிருக்கணுமே?"

"மூடட்டுங்களா சார்?" என்று அம்சவள்ளி கேட்டாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பெண்கள் குழந்தைப் புத்தக அலமாரிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி படம் போட்ட புத்தகத்தை எடுத்து மற்றவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். பக்தவச்சலம் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்று பேனாவில் ஒன்றை எடுத்தார்.

"பெட்டி இங்கயே இருக்கட்டும். காலை நேரத்த ஒம்பதுலேர்ந்து பன்னெண்டரைன்னு மாத்தறதுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. நான் சிபாரிசு பண்றேன். அந்த லெட்டர்ல மட்டும் 'தெரிவித்துக்கொள்கிறேன்' போட்டுடுங்க. ஆபீசுக்கு வேற பாஷை புரியாது."

அம்சவள்ளி எழுந்து நின்று, கையெடுத்துக் கும்பிட்டாள். குப்பம்மாள் அதற்குள் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தார். "என்னுது எங்க இருக்குது? எது என் பேரு?" என்று திரையில் விரலை வைத்துத் தேடினார்.

"அம்மா, அம்மா, திரையத் தொடாதீங்க. கையக் கழுவிட்டு வாங்க," என்றாள் அம்சவள்ளி, பதினெட்டு வருடப் பழக்கத்தில்.

குப்பம்மாள் விரலை எடுக்கவில்லை. "இதையும் எழுதிக்கோ" என்றார்.

அம்சவள்ளி மறுபடி உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் இன்னும் இணையத்தில் இருக்கிறது, நான் அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். முப்பத்தெட்டாவது உள்ளூர்க் கருத்து, 27 ஏப்ரல் 2006, பிற்பகல் ஒரு மணி நாலு நிமிடம்:

"லைப்ரரிக்காரம்மா கையக் கழுவிட்டு வரச் சொல்லுது. கழுவிட்டுத்தான் வந்தேன். உப்பு அவ்ளோ சீக்கிரம் போவாது. குப்பம்மாள்."